அப்பாவுக்கு முதல் கீமோ டிரிப்ஸ்: அன்று என்ன நடக்கும், வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

கருமாத்தூர் மகள் (கேள்வி, ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 63. உசிலம்பட்டிப் பக்கம்தான் எங்கள் ஊர், ஒன்றரை ஏக்கர் தோட்டம், இரண்டு மாடு, கொஞ்சம் ஆடு. மூன்று மாதமாகக் கழுத்தில் கட்டி இருந்தது, ராத்திரியில் வேர்த்து வேர்த்துத் துண்டைப் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும், எட்டுக் கிலோ எடை குறைந்துவிட்டது. கட்டியிலிருந்து சதை எடுத்து டெஸ்ட் பண்ணியதில் நிணநீர்ச் சுரப்பியில் வருகிற ரத்தப் புற்றுநோய் என்று வந்துவிட்டது, ரிப்போர்ட்டில் பெரிய பி செல் லிம்ஃபோமா என்று போட்டிருக்கிறது. 21 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை, கையில் ஊசி போட்டு டிரிப்ஸில் மருந்து ஏற்ற வேண்டும், அதற்கு ஆர்-சாப் என்று பெயர். வருகிற வியாழக்கிழமை மதுரையில் முதல் தடவை.

டாக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் எங்கள் டோக்கன் வந்தபோது மணி இரண்டு, வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், நான் கேட்க நினைத்ததில் பாதி அந்த அறைக்குள் போனதும் மறந்துவிட்டது. ஊசி எவ்வளவு நேரம் ஏறும், வலிக்குமா, பக்கத்தில் இருக்க விடுவார்களா, அன்றைக்கே பஸ்ஸில் கூட்டிவரலாமா கார் வைக்க வேண்டுமா, வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எது சாதாரணம்? வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான், அவனைத் தூக்கலாமா? இதையெல்லாம் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவி.

இன்னொன்று. அப்பா எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். போன வருஷம் மண்வெட்டி காலில் இறங்கி ரத்தம் கொட்டியபோதும் சாக்குத்துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் பாத்தி வரை தண்ணீர் பாய்ச்சிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அண்ணன் வேறு நோயின் பெயரை அவரிடம் சொல்லக் கூடாது என்கிறான். ரத்தத்தில் கிருமி, அதற்கு மருந்து ஏற்றுகிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

வாடிப்பட்டி தம்பி

அக்கா, என் அம்மாவுக்கு இதே ஆர்-சாப் ஆறும் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இப்போது நன்றாக இருக்கிறார்கள். முதல் நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன், மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

முதலில், முழு நாளையும் ஒதுக்கிவிடுங்கள். நாங்கள் காலை எட்டு மணிக்குப் போய் இரவு ஏழரைக்குத்தான் வெளியே வந்தோம். போனதும் எடை, உயரம் பார்ப்பார்கள், அதை வைத்துத்தான் மருந்தின் அளவைக் கணக்குப் போடுகிறார்கள். ரத்தம் எடுத்து கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) பார்த்து, சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மருந்தகத்துக்குச் சீட்டு போகும். அப்புறம் புறங்கையிலோ முன்கையிலோ வென்ஃப்ளான் (மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாய்) போடுவார்கள். வலி என்று பார்த்தால் அந்தக் குத்து ஒன்றுதான், மருந்து ஏறும்போது பெரிதாக வலிக்காது, வலிக்கவும் கூடாது.

பிறகு ஒரு மணி நேரம் முன்மருந்து: காய்ச்சல் மாத்திரை, அலர்ஜிக்கு அவில் ஊசி, ஸ்டீராய்டு, வாந்தி வராமல் இருக்க ஊசி. அவில் போட்டதும் அம்மா அப்படியே தூங்கிப்போனார்கள், நான் பயந்து சிஸ்டரைக் கூப்பிட்டேன், அந்த ஊசி தூக்கம் வரவைக்கும் என்று சொன்னார். அதற்கு அப்புறம்தான் ரிடுக்ஸிமாப், ஆர்-சாப்பில் ஆர் என்பது இந்த மருந்துதான். அதுதான் நேரத்தைத் தின்பது. வேண்டுமென்றே மெதுவாக விடுகிறார்கள், மணிக்கு 50 மில்லிகிராம் என்று ஆரம்பித்து, ஒன்றும் ஆகவில்லை என்றால் அரை மணிக்கு ஒரு தடவை 50 கூட்டிக்கொண்டே போவார்கள், அதிகபட்சம் 400. அம்மாவுக்கு 600 மில்லிகிராம், இடையில் ஒரு தடவை நிறுத்தியதால் ஐந்தரை மணி நேரம் ஆனது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதே, நம்மை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் அப்பா சண்டைக்கே போய்விட்டார். அவருக்கு வேறு மருந்து, நமக்கு வேறு மருந்து.

ஏன் நிறுத்தினார்கள் என்றால், ஆரம்பித்து முக்கால் மணியில் அம்மாவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. பல் கிடுகிடுவென்று அடித்தது, கட்டிலே ஆடியது. உடனே பாட்டிலை நிறுத்தி, ஒரு ஊசி போட்டு, போர்வை போட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாதி வேகத்தில் மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவையிலிருந்து நடுக்கமே இல்லை, நேரமும் மூன்று மணியாகக் குறைந்துவிட்டது. முதல் தடவைதான் இது அதிகம் வரும், உடம்பில் நோய் செல்கள் நிறைய இருப்பதால் அவை ஒரேயடியாக உடையும்போது இப்படி ஆகும் என்று டாக்டர் விளக்கினார்.

ரிடுக்ஸிமாப் முடிந்த பிறகு மற்ற மூன்றும் சீக்கிரம் போய்விடும். அதில் ஒன்று ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக இருக்கும், டாக்ஸோரூபிசின். அதை சிஸ்டரே பக்கத்தில் உட்கார்ந்து சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். அன்றைக்கும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை. இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அம்மா பாத்ரூமிலிருந்து அழுதுகொண்டே வந்தார்கள்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவை வேறு ஓர் இடத்தில் ஏற்றினோம், பெயர் வேண்டாம். அங்கே இந்தச் சிவப்பு மருந்து போகும்போது அம்மாவுக்குக் கை எரிந்திருக்கிறது, சிஸ்டர் அவசரத்தில் இருக்கிறார் என்று பொறுத்துக்கொண்டிருந்துவிட்டார்கள். ஊசி நரம்பைவிட்டு விலகி மருந்து சதைக்குள் கசிந்திருக்கிறது. முன்கையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து, புண்ணாகி, ஆற நாலு மாதம் ஆனது. அந்தத் தழும்பை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் சொல்கிறேன், எரிகிறது, சுருக்கென்கிறது, வீங்குகிறது என்றால் அந்த நிமிஷமே சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும்.

கொண்டுபோக வேண்டியது: கனமான போர்வை, காதை மூடும் குல்லா (ஏசி குளிரும்), முன்பக்கம் பட்டன் வைத்த அரைக்கை சட்டை, வீட்டுத் தண்ணீர், இட்லி. கார் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, முதல் நாள் ராத்திரி அந்தத் தூக்கக் கலக்கத்தோடு ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்க முடியாது.

டே கேர் செவிலி

நான் மதுரையில் கீமோ வார்டில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். தம்பி சொன்னது எல்லாம் சரி. விட்டுப்போனதைச் சொல்கிறேன், அம்மா.

அப்பாவுக்கு பிபி மாத்திரை உண்டா? இருந்தால் வியாழன் காலை அதைப் போடலாமா என்று புதன்கிழமையே போன் செய்து கேட்டுவிடுங்கள். ரிடுக்ஸிமாப் ஏறும்போது பிபி இறங்கலாம், அதனால் 12 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு, ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். மஞ்சள் காமாலை பி ரத்தப் பரிசோதனையும் இதயத்துக்கு எக்கோவும் எடுத்தாகிவிட்டதா என்று ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். பழைய பி வைரஸ் உடம்பில் ஒளிந்திருந்தால் ரிடுக்ஸிமாப் அதைக் கிளப்பிவிடும். சிவப்பு மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது, அதனால்தான் எக்கோ. சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஐந்து நாளைக்கு பிரட்னிசலோன் மாத்திரை கொடுப்பார்கள், அதில் சர்க்கரை எகிறும், தூக்கமும் போகும். காலையில் சாப்பிட்ட பிறகு போட்டால் ராத்திரித் தூக்கம் ஓரளவு மிஞ்சும்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எங்களுக்கு வேண்டிய ஒரே உதவி, அவர் வாயைத் திறப்பது. நெஞ்சு இறுக்குகிறது, தொண்டை கரகரக்கிறது, அரிக்கிறது, முதுகு வலிக்கிறது, குளிர்கிறது, தலை சுற்றுகிறது, இதில் எது வந்தாலும் லேசாக வரும்போதே சொன்னால் பாட்டிலை மூடி இரண்டு நிமிஷத்தில் சமாளித்துவிடுவோம். "சிஸ்டருக்கு எதுக்குத் தொந்தரவு" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற பெரியவர்களைத்தான் நான் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பேன். உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தை மட்டும் பார்க்காமல் கால் விரலையும் பாருங்கள், சில சமயம் நடுக்கம் அங்கே தெரியும்.

சரி, நாற்காலியில் வருவதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நீங்கள் பயப்பட வேண்டியது வீட்டுக்குப் போன பிறகு. மருந்து ஏறி ஏழாவது நாளிலிருந்து பதினாலாவது நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார், வாந்தி நின்றிருக்கும், தோட்டத்துக்குப் போகிறேன் என்பார். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டு விடிந்ததும் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பி வாருங்கள். வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு வந்தால் சூடு மறைந்துவிடும், உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கும். நூற்றைம்பது ரூபாய்க்குள் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும், நாளைக்கே வாங்குங்கள். புறங்கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் கணக்கெல்லாம் வேண்டாம்.

வேப்பங்குச்சியில் பல் விளக்குகிறவராக இருந்தால் ஆறு மாதத்துக்கு விட்டுவிடச் சொல்லுங்கள், ஈறு கிழிந்தால் அது வழியாகவே கிருமி ஏறும். மெத்தென்ற பிரஷ், சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிப்பது. மாட்டுத்தொழுவம் அள்ளுவது, ஆட்டுக்கொட்டில் கூட்டுவது, குப்பைமேட்டுப் பக்கம் போவது எல்லாம் நிறுத்தம். பேரனைத் தாராளமாகத் தூக்கலாம், கொஞ்சலாம், மருந்து தொட்டு ஒட்டாது. பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், அம்மை என்றால் மட்டும் தள்ளி வையுங்கள். ஏற்றிய இரண்டு நாளைக்கு அவருடைய சிறுநீர், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாக அலசுங்கள், கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். அன்றைக்கும் மறுநாளும் இரண்டரை மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆர்-சாப்பில் உள்ள சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்து சிறுநீர்ப் பையில் தேங்கினால் புண்ணாக்கும். மோர், கஞ்சி, ரசம் எல்லாமே கணக்கில் சேரும்.

மலச்சிக்கலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதில் உள்ள இன்னொரு மருந்து, வின்கிரிஸ்டின், குடலை மந்தமாக்கும், வாந்தி ஊசியும் சேர்ந்துகொள்ளும். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்துப்போவது, சட்டைப் பட்டன் போட முடியாமல் போவது, இதையும் அடுத்த தடவை மருந்து ஏற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

கருமாத்தூர் மகள்

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிபி மாத்திரை உண்டு, நாளைக்கே கேட்கிறேன். வேப்பங்குச்சியேதான். பி பரிசோதனை நெகட்டிவ் என்று ஃபைலில் இருக்கிறது, எக்கோவும் எடுத்திருக்கிறார்கள். ஊரில் பெரியப்பா பப்பாளி இலைச் சாறும் ஏதோ ஒரு சூரணமும் கொண்டுவந்து வைத்திருக்கிறார், கவுண்ட் ஏறும் என்று. கொடுக்கலாமா? அப்புறம் நோயின் பெயரைச் சொல்வது பற்றி யாராவது சொல்லுங்களேன்.

மேலூர் அத்தை

தாயி, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் இல்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். பாலரெங்காபுரம் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையில் எனக்கு ஆறும் ஏறியது, வயது அப்போது 56.

எனக்கும் முதலில் சொல்லவில்லை. கட்டி, அதற்கு மருந்து என்றார்கள். என் மகன் வெளியே போய்ப் போய்ப் போன் பேசுவான், வந்து சிரிப்பான். மூணாம் நாள் பக்கத்துக் கட்டில் பொம்பளையிடம் கேட்டேன், இந்த வார்டில் எல்லாருக்கும் என்ன சீக்கு என்று. அவள் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு நோயை நினைத்து வந்த அழுகையைவிட, இத்தனை பேருக்குத் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததே என்றுதான் அழுகை வந்தது. அந்த வார்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிஷம் உன் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தோட்டம் வைத்து வெள்ளாமை பார்க்கிற ஆளுக்குச் செடியைப் பார்த்தாலே நோய் தெரியும், மொட்டைத் தலையாக இருபது பேரைப் பார்த்தால் தெரியாதா? மகள் வாயால் தெரியட்டும்.

இன்னொன்றும் நினைத்துப் பார். ரத்தத்தில் ஏதோ கிருமி, ஊசி போட்டால் போய்விடும் என்று நினைக்கிற ஆள் காய்ச்சல் வந்தால் எதற்கு உன்னை எழுப்பப் போகிறார்? இது இன்ன நோய், இந்த மருந்து நோயையும் அடிக்கும், காவல் நிற்கிற அணுவையும் சேர்த்து அடிக்கும், அந்தப் பத்து நாள் காவல் இல்லாத வீடு மாதிரி, அதனால் காய்ச்சல் என்றால் உடனே சொல்ல வேண்டும் என்று சொன்னால் அவர் புரிந்துகொள்வார். பெரிய மனுஷனிடம் பெரிய மனுஷனாகப் பேசினால் அவர் அதற்கு ஏற்ற மாதிரி நடப்பார்.

உடம்புக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாய். டிரிப்ஸ் ஆரம்பித்ததும் ஊசிக்கு மேலே கைக்குள் ஜில்லென்று ஒரு கோடு முழங்கை வரை ஏறும், அது பாட்டில் தண்ணீரின் குளிர்ச்சி, பயம் வேண்டாம். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஸ்டீராய்டு மாத்திரை தெம்பில் வீடெல்லாம் கழுவினேன். மாத்திரை நின்ற ஆறாம் நாள்தான் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி ஆனது, எழுந்து சொம்புத் தண்ணீர் எடுக்க முடியவில்லை. வாயில் எதை வைத்தாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்கும். எனக்குக் கொத்தமல்லித் துவையலும் மிளகு ரசமும் மட்டும் ருசி தெரிந்தது, மற்றதெல்லாம் மண். பிடித்ததைச் சூடாக, அப்போதே சமைத்துக் கொடு, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. வெளியில் வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜிகர்தண்டா, ரோட்டுக்கடைச் சட்னி எதுவும் வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். மீசையும் போகலாம். உசிலம்பட்டிப் பக்கத்து ஆம்பளைக்கு அது லேசான காரியம் இல்லை, முன்கூட்டியே சொல்லி வை, மருந்து முடிந்து சில மாதத்தில் திரும்ப வரும் என்பதையும் சேர்த்துச் சொல். எனக்கு வந்தது, முன்னைவிடச் சுருட்டையாக வந்தது.

பப்பாளிச் சாறு, சூரணம் எதுவும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதே. என்னோடு ஏற்றிக்கொண்ட ஒரு அண்ணன் ஏதோ லேகியம் சாப்பிட்டு ஈரல் கெட்டு, அதைச் சரிபண்ணவே கீமோ ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. பெரியப்பா மனசு நோகாமல் வாங்கி வைத்துக்கொள், அவ்வளவுதான்.

கோரிப்பாளையம் மருந்துக்கடை

செலவு பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் வரும். இல்லையென்றால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். முன் அனுமதி வாங்கின பிறகே ஏற்றுவார்கள், அதற்குக் கொஞ்ச நாள் ஆகலாம், எனவே மருத்துவமனையில் காப்பீட்டுக் கவுண்ட்டரை நாளைக்கே பாருங்கள். அடையாறோ வேலூரோ இன்னொரு டாக்டர் கருத்துக்குப் போவதாக இருந்தால், ரயிலில் புற்றுநோய் நோயாளிக்கு ஸ்லீப்பர் டிக்கெட் இலவசம், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை, டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும்.

நான் கடை ஆரம்பித்த காலத்தில் ரிடுக்ஸிமாப் என்றால் வெளிநாட்டுக் குப்பி மட்டும்தான், நிலத்தை விற்று வாங்கியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 1997ல் அனுமதி பெற்ற மருந்து அது. 2007ல் ஹைதராபாத் கம்பெனி இங்கேயே தயாரித்து இறக்கிய பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது. இந்திய மருந்து என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். அப்பா வயதைச் சொல்லி இது தாங்குமா என்று உறவுக்காரர்கள் இழுப்பார்கள். 60 முதல் 80 வயது வரை உள்ள 399 பேரை வைத்து பிரான்ஸ் பக்கம் நடத்திய ஆய்வு 2002ல் வெளிவந்தது. மாத்திரையையும் சேர்த்துப் பழைய நாலு மருந்து மட்டும் கொடுத்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக மறைந்தது, ரிடுக்ஸிமாப் சேர்த்துக் கொடுத்தவர்களில் 76 சதவீதம். அதனால்தான் இன்றைக்கு எல்லா ஊரிலும் இதையே எழுதுகிறார்கள். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் பதில் சொல்ல உதவும்.

கருமாத்தூர் மகள் (வெள்ளி காலை)

நேற்று ஏற்றியாகிவிட்டது. காலை எட்டேகாலுக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வெளியே வந்தோம்.

புதன்கிழமை ராத்திரி தொழுவத்துப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன், அவன் அழுதான், சரி உன் இஷ்டம் என்றான். அப்பா கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "புத்துன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி, நீங்க சங்கடப்படுவீகன்னுதான் கேக்கல" என்றார். அதற்கு மேல் நானும் பேசவில்லை. மீசையைப் பற்றி மட்டும் காலையில் காரில் போகும்போது சொன்னேன், கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ரிடுக்ஸிமாப் ஆரம்பித்து ஐம்பது நிமிஷம் இருக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். செவிலி அக்கா சொன்னதை நினைத்துப் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன், கட்டைவிரல் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது, மற்ற விரல்களை ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருந்தார். நடுக்கத்தை அடக்கப் பார்த்திருக்கிறார். சிஸ்டரைக் கூப்பிட்டேன், ஓடிவந்து நிறுத்தினார், பிபி 90க்குக் கீழே இருந்தது. ஊசி, சலைன், இன்னொரு போர்வை. நாற்பது நிமிஷம் கழித்து மெதுவாக மறுபடி விட்டார்கள். அந்த சிஸ்டர் சின்னப் பெண், அப்பாவின் பேத்தி வயது இருக்கும், கட்டிலோரம் உட்கார்ந்து, "தாத்தா, நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாது, எனக்குத்தான் திட்டு விழும், எனக்காகச் சொல்லுங்க" என்றது. அதற்கப்புறம் சிவப்பு மருந்து போகும்போது இரண்டு தடவை அவராகவே, "பாப்பா, லேசா ஜில்லுங்குது, எரிச்சல் இல்ல" என்று சொன்னார்.

இப்போது மோர் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சிறுநீர் சிவப்பாகப் போனது, தெரிந்திருந்ததால் பதறவில்லை.

டே கேர் செவிலி

ரொம்ப சந்தோஷம் அம்மா. காலண்டரில் வருகிற புதனிலிருந்து அதற்கடுத்த வாரத்து வியாழன் வரை கோடு போட்டு வையுங்கள், காலை, மாலை இரண்டு வேளையும் சூடு பார்த்து அதிலேயே எழுதுங்கள். கவுண்ட் குறைந்தால் வெள்ளை அணு ஏறுவதற்கு ஊசி எழுதுவார்கள், அது போட்டால் இடுப்பு எலும்பும் நெஞ்செலும்பும் குடைகிற மாதிரி வலிக்கும், மஜ்ஜை வேலை செய்கிற வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ராத்திரி அவசரத்துக்குக் கார்க்காரர் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கருமாத்தூர் மகள் (இரண்டு வாரம் கழித்து)

எழுத நேரமே கிடைக்கவில்லை, மன்னிக்கவும். பத்தாவது நாள், சனிக்கிழமை ராத்திரி ஒன்றே முக்கால் மணி. கூடத்தில் பேரனோடு படுத்திருந்தேன். அப்பா வாசற்படியில் நின்றுகொண்டு, "தாயி, மேலுக்குச் சூடா இருக்கு, அந்தக் குச்சியக் கொண்டா" என்றார். 101.2 காட்டியது. சாயங்காலம் பார்த்தபோது 98.8தான். சுவரில் இருந்த நம்பருக்கு அடித்து, செக்கானூரணி வழியாக முக்கால் மணியில் மருத்துவமனை. கீமோ போட்டவர் என்று வாசலிலேயே சொன்னேன், ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார்கள். வெள்ளை அணு மொத்தமே 1,100, அதில் கிருமியோடு சண்டை போடுகிற வகை 300தான் இருந்தது. விடிந்த பிறகு போயிருந்தால் நிலைமை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஐந்து நாள் உள்ளே இருந்தோம், தினமும் அணு ஏறுகிற ஊசி, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. இடுப்பு வலி வந்தது, அதையும் அவரே சொன்னார். கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது இப்போது சுண்டைக்காய் அளவுகூட இல்லை. முந்தாநாள் காலையில் தலையணையில் மீசை முடி கிடந்தது, அவரே நாவிதரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பேரன் முதலில் அடையாளம் தெரியாமல் அழுதான், சத்தம் கேட்டதும் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டான்.

அடுத்த வியாழன் இரண்டாவது தடவை. காய்ச்சல் வந்ததால் இந்த முறை மறுநாளே அணு ஊசி போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வலது கையில் நரம்பு கிடைக்கவில்லை, நெஞ்சில் போர்ட் (தோலுக்கு அடியில் வைத்து, அது வழியாக மருந்து ஏற்றுகிற சின்னக் கருவி) வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்கள். போர்ட் வைத்தவர்கள் யாராவது இருந்தால், அதோடு குளிப்பது, மண்வெட்டி பிடிப்பது எல்லாம் எப்படி என்று எழுதுங்கள். அப்பாதான் கேட்கச் சொன்னார்.